மேனிப்பொருள்களும் உயிரிரக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

நீராடுங்கால் கையாளும் சவர்க்காரம், தலைக்குத் தேய்க்கும் ஷாம்பு, முகத்திற் பூசும் களிம்பு ஆகியவற்றின் உறைகளில் இக்காலத்து இரண்டு குறிப்புகள் பெரிதும் காணப்பெறுகின்றன. 'விலங்குப்பொருள் கலவாதது' என்பது ஒன்று. 'விலங்குகளின்மேற் சோதிக்கப்பெறாதது' என்பது மற்றொன்று. சில உறைகளில் 'மென்தோலுக்கு ஏற்றது' என்னும் மூன்றாவது குறிப்பும் உடன்வரும். வாங்குவோர் இம்மூன்றையும் ஒருபொருட் சொற்களாகவே கொள்கின்றனர். விலங்குப்பொருள் இல்லையெனின் விலங்கு துன்புற்றிராது என்றும், விலங்கு துன்புறாத பொருள் தம் தோலையும் துன்புறுத்தாது என்றும் எண்ணுதல் இயல்பாகிவிட்டது.

வரலாற்றை நோக்குவார்க்கு இவ்வெண்ணம் பொருந்தாமை புலனாகும். இம்மூன்று குறிப்புகளும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு காரணம் பற்றித் தோன்றியவை. சிலவிடத்து ஒன்றோடொன்று முரணியும் நின்றவை. மக்களின் மெல்லிய தோலையும் கண்ணையும் காத்தற்பொருட்டு எழுந்த நன்முயற்சியே விலங்குகளின் பெருந்துன்பத்திற்கு வாயிலாயிற்று என்பது இவ்வரலாற்றின் உள்ளுறையாகும். ஒரு பொருள் தீங்கற்றது என அறிதற்கு எவருடைய தோல் விலையாகத் தரப்பட்டது என்னும் வினாவை முன்வைத்து அவ்வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லும் பொருளும்

முதற்கண் சொற்களை வரையறுத்துக்கொள்ளுதல் வேண்டும். இறைச்சியை மட்டுமன்றிப் பால், தேன், கம்பளி முதலிய விலங்குப்பொருள் அனைத்தையும் விலக்கும் கொள்கையை இக்காலத்துத் தமிழில் 'நனிசைவம்' என்பர். இதற்குரிய 'வீகன்' என்னும் ஆங்கிலச் சொல் 1944ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தோன்றியது. அவ்வாண்டு நவம்பரில் டொனால்டு வாட்சன் என்பாரும் அவர்தம் தோழர் சிலரும் தனிக் கழகம் ஒன்றினை நிறுவி அதற்கு இப்பெயரை இட்டனர். உணவு பற்றித் தொடங்கிய அக்கொள்கை, பின்னர் உடை, அணி, மேனிப்பூச்சு என அனைத்திற்கும் விரிந்தது. பொருளில் விலங்குக்கூறு உளதா என்பதே இச்சொல் எழுப்பும் வினா. அப்பொருளை ஆக்குங்கால் விலங்கின்மேற் சோதனை நிகழ்ந்ததா என்பது பிறிதொரு வினா. அதனை ஈண்டு 'ஊறுசெய்யாமை' என்னும் பெயராற் குறிப்போம்.

தமிழ் பயில்வார்க்கு இத்தகைய பாகுபாடு புதிதன்று. திருக்குறளின் துறவறவியலில் புலான்மறுத்தல் 26ஆம் அதிகாரம். இன்னாசெய்யாமை 32ஆம் அதிகாரம். கொல்லாமை 33ஆம் அதிகாரம். இவை ஒன்றே எனின் மூன்று அதிகாரம் வேண்டா. உயிரின் உடலிலிருந்து பெற்றதைத் துய்த்தல், உயிர்க்குத் துன்பம் இழைத்தல், உயிரைப் போக்குதல் என்னும் மூன்றும் தம்முள் தொடர்புடையவாயினும் வேறுவேறாக எண்ணத்தக்கவை என்பது ஆசிரியர் கருத்தாதல் இதனாற் பெறப்படும். கத்தூரிமானைக் கொன்று நறுமணம் பெறுதல் கொலையாகும். ஆட்டின் மயிரைக் கத்தரித்து அதன் நெய்ப்பொருளை எடுத்தலிற் கொலை இல்லை. எனினும் அது விலங்குப்பொருளே. முழுதும் செடிகொடியினின்று ஆக்கிய களிம்பு ஒன்றனை முயலின் கண்ணில் இட்டுப் பார்த்தலில் பொருள் நனிசைவமாகவே இருக்கும், இன்னாசெய்தலோ நிகழ்ந்துவிடும். இக்காலப் பொருள்களை வள்ளுவர் அன்றே கூறினார் என்பது ஈண்டுக் கருத்தன்று. அவர் காட்டிய பகுப்புமுறை இவ்வாய்விற்குத் துணையாகும் என்பதே கருத்து.

பிறிதொன்றும் நினைத்தற்குரியது. விலைகொடுத்து வாங்குவார் இல்லையாயின் கொன்று விற்பாரும் இல்லையாவர் என்னும் கருத்துப் புலான்மறுத்தல் அதிகாரத்தில் இடம்பெற்றுள்ளது. வாங்குவோனும் வினைக்குப் பொறுப்பாளனே என்னும் இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டே 1980இல் அமெரிக்க நாட்டில் பெருங்கிளர்ச்சி ஒன்று எழுந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

3. பழந்தமிழர் நீராட்டுப் பொருள்கள்

மேனிப்பொருள் பற்றிப் பேசுங்கால் நம் முன்னோர் செடிகொடிகளையே கையாண்டனர் என்று பெருமிதத்துடன் கூறுவார் பலர். இக்கூற்று ஒருபாதி உண்மை. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி நீராடிய செய்தி கூறப்படுகிறது. பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திருவகை ஓமாலிகையும் ஊறிய நீரில் அவள் தன் கூந்தலை நனைத்தாள் என்பது அக்காதையால் அறியப்படும். பூவந்தி, கடுக்காய், நெல்லி, தான்றி, கருங்காலி, நாவல், ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகியன அப்பத்துத் துவர்கள் எனப் பழைய உரைவழி அறிகிறோம். இவை யாவும் மரஞ்செடிகளே. சீயக்காய், அரப்பு, பயற்றமாவு ஆகியவற்றை இன்றும் நம் இல்லங்களிற் காணலாம். பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் உள்ள சபோனின் என்னும் பொருள் நீரில் நுரைத்து எண்ணெய்ப்பசையை அகற்றுகிறது.

எனினும் மறுபாதியையும் கூறுதல் ஆய்வாளர் கடன். நானம் என்னுஞ் சொல்லுக்குக் கத்தூரி என்றும் புழுகு என்றும் பொருள் உண்டு. கத்தூரி, கொல்லப்பட்ட மானின் வயிற்றுப்புறத்துச் சுரப்பியினின்று பெறப்படுவது. புழுகு அல்லது புனுகு, கூண்டில் அடைத்த பூனையின் சுரப்பியினின்று வழித்தெடுக்கப்படுவது. கோரோசனை மாட்டின் பித்தப்பையிற் கிடைப்பது. ஆகவே அழுக்ககற்றும் பொருளில் தாவர வழியினையும், நறுமணப் பொருளில் விலங்கு வழியினையும் ஒருங்கே பெற்றிருந்தது நம் மரபு எனல் பொருந்தும்.

தாவரப்பொருள் யாவும் மெல்லியன என்பதும் பிழை. சீயக்காய் கண்ணிற் பட்டால் எரியும் என்பதை எண்ணெய் தேய்த்துக் குளித்த குழந்தை எதுவும் அறியும். நுரைக்கும் அச்சபோனினே கண்ணை உறுத்துவதும் ஆகும்.

4. சவர்க்காரத்தின் உள்ளுறை

கொழுப்பினையோ எண்ணெயினையோ காரத்துடன் சேர்த்துக் காய்ச்சினால் சவர்க்காரமும் கிளிசரினும் உண்டாகும். இதன் வேதியியலை விளக்கிய பெருமை மிசேல் யூசேன் செவ்ரேல் என்னும் பிரெஞ்சு அறிஞர்க்கு உரியது. விலங்குக் கொழுப்புகளைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி நூல் 1823இல் வெளிவந்தது. ஒலிவ எண்ணெய் மலிந்த அலெப்போ, காஸ்டில், மார்செய் முதலிய இடங்களில் அவ்வெண்ணெயே சவர்க்காரத்திற்கு முதலாயிற்று. வட ஐரோப்பாவிலோ மாட்டின் கொழுப்பும் ஆட்டின் கொழுப்புமே எளிதிற் கிடைத்தன. எனவே எப்பொருள் கலந்தது என்பதனை அறமன்றி நிலவளமே உறுதிசெய்தது எனலாம்.

இந்தியாவில் இவ்வினா வேறு வடிவு கொண்டது. இறக்குமதிச் சவர்க்காரங்களில் விலங்குக் கொழுப்பு கலந்திருத்தலைப் பல சமயத்தாரும் வெறுத்தனர். 1918ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆர்தேஷிர் கோத்ரேஜ் தாவர எண்ணெயினின்று சவர்க்காரம் ஆக்கி, அப்பண்பினையே முன்னிறுத்தி விற்கலானார். சுதேசி உணர்ச்சியும் கொல்லாமைக் கொள்கையும் ஈண்டு ஒருங்கிணைந்தன. எனினும் விலங்குக் கொழுப்பின் இறக்குமதி பின்னும் பல்லாண்டுகள் தொடர்ந்தது. 1983இல் மாட்டுக் கொழுப்பு வனஸ்பதியிற் கலக்கப்பெற்றது என்னும் செய்தி நாடெங்கும் கிளர்ச்சியை எழுப்ப, அவ்விறக்குமதியை அரசு தடை செய்தது. அதன்பின் பனையெண்ணெய் வழிப் பொருள்கள் இந்தியச் சவர்க்காரத் தொழிலில் மிகுந்தன. அவ்வெண்ணெய்க்காக இந்தோனேசியா, மலேசியா நாடுகளில் காடுகள் அழிக்கப்பட்டு ஒராங்குட்டான் முதலிய விலங்குகள் உறைவிடம் இழந்தமை, கலவைப் பொருளை மட்டும் நோக்கும் அறத்தின் குறைபாட்டினைக் காட்டும்.

சவர்க்காரத்தில் மட்டுமன்றிப் பிற மேனிப்பொருள்களிலும் விலங்குக்கூறுகள் மறைந்திருத்தல் உண்டு. கம்பளி நெய்யாகிய லனோலின், தேன்மெழுகு, செதிற்பூச்சியினின்று பெறும் கார்மைன் என்னும் செஞ்சாயம், அரக்குப்பூச்சியின் அரக்கு, சுறாவின் ஈரலினின்று எடுக்கும் சுகுவாலீன், எலும்பிலும் தோலிலும் இருந்து பெறும் கொல்லசென் ஆகியன அவற்றுட் சில. சுகுவாலீன் இன்று ஒலிவ எண்ணெயினின்றும் பெறப்படுகிறது. அதனினின்று ஆக்கும் சுகுவாலேன் கரும்புச் சர்க்கரை வழியாகவும் கிடைக்கிறது. கிளிசரினும் ஸ்டியரிக் அமிலமும் விலங்கு, தாவரம் ஆகிய இருவழியானும் கிடைப்பன. உறையில் உள்ள பெயரை மட்டும் நோக்கி அவற்றின் பிறப்பினை அறிதல் இயலாது.

5. கண்ணிழந்த பெண்களும் முயலின் கண்ணும்

இனி இவ்வரலாற்றின் திருப்புமுனையைக் காண்போம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1906ஆம் ஆண்டுச் சட்டம் உணவினையும் மருந்தினையும் மட்டுமே கட்டுப்படுத்தியது. ஒப்பனைப் பொருள்கள் அதன் எல்லைக்குள் வரவில்லை. 1933ஐ ஒட்டி லாஷ் லூர் என்னும் இமைமயிர்ச் சாயம் ஒன்று அழகு நிலையங்களிற் பயன்பட்டது. அதனுட் பாராபினைலின்டயமின் என்னும் சாயப்பொருள் இருந்தது. அச்சாயத்தை இட்டுக்கொண்ட பெண்கள் பலர் கொடிய புண்ணும் வீக்கமும் உற்றனர், பார்வையிழந்தாரும் உளர், ஒருவர் உயிரே துறந்தார். அப்பொருளைக் கைப்பற்றும் அதிகாரம் அரசு அலுவலர்க்கு அன்று இல்லை. அவர்கள் செய்யக்கூடியதெல்லாம், இத்தகைய பொருள்களையும் அவற்றால் ஊறுபட்டோர் படங்களையும் தொகுத்துக் கண்காட்சியாக வைத்தலே ஆயிற்று. இதழாளர் அதனைக் 'கொடுமைக் கூடம்' என்றனர்.

1937இல் நச்சு மருந்து ஒன்றனால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த நிகழ்ச்சியும் சேரவே, 1938 சூன் 25ஆம் நாள் புதிய சட்டம் கையொப்பம் பெற்றது. ஒப்பனைப் பொருள்கள் முதன்முறையாக அரசின் கண்காணிப்பிற்கு உட்பட்டன. இச்சட்டம் விலங்குச் சோதனையை யாண்டும் கட்டாயமாக்கவில்லை என்பது கருதற்பாலது. தீங்கு பயக்கும் பொருளை விற்றல் குற்றம் என்று மட்டுமே அது கூறிற்று. ஆயின் தீங்கு பயக்குமா என்பதனை மனிதர்மேல் இடுமுன் அறிவது எங்ஙனம் என்னும் வினா எஞ்சி நின்றது.

அவ்வினாவிற்கு விடையாக வந்ததே ஜான் டிரெய்சு என்பாரின் முறை. அரசின் உணவு மருந்துத் துறையிற் பணியாற்றிய அவர், வுடார்டு, கால்வரி ஆகிய இருவருடன் சேர்ந்து 1944இல் ஆய்வுக்கட்டுரை ஒன்றனை வெளியிட்டார். மயிர் நீக்கிய முயலின் தோலிற் பொருளை இட்டு ஒட்டிவைத்துச் சிவப்பு எவ்வளவு, வீக்கம் எவ்வளவு என எண்ணால் அளவிடுதல் அவர் வகுத்த தோற்சோதனை. வெண்முயலின் ஒரு கண்ணில் 0.1 மில்லிலிட்டர் அளவு பொருளை இட்டு, மறுகண்ணை ஒப்புமைக்காக விட்டுவைத்து, 24, 48, 72 மணி நேரம் கழித்தும் அதன் பின்னரும் நோக்குதல் அவர் வகுத்த கண்சோதனை. கண்ணின் முன்னுள்ள ஒளிபுகு படலத்திற்கு 80, கதிராளிக்கு 10, இமையின் உட்புற இணைப்படலத்திற்கு 20 என மொத்தம் 110 மதிப்பெண் வகுக்கப்பட்டது. மதிப்பெண் மிகுதலின் பொருள் துன்பம் மிகுதலே. சோதனைக்கு உள்ளான முயல்கள் கண்ணைத் தேய்த்துக்கொள்ளா வண்ணம் கழுத்தளவிற் பிணிக்கப்பட்டன.

முயல் தெரிந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் அது மனிதனை ஒத்திருந்தமை அன்று. அதன் கண் பெரியது, அது சாதுவானது, எளிதில் வளர்க்கத்தக்கது. அதன் கண்ணீர் குறைவாகவே சுரக்கும், இமைப்பும் அரிது, மனிதர்க்கு இல்லாத மூன்றாம் இமையும் அதற்கு உண்டு. ஆகவே முயலின் கண்ணிற் கண்ட முடிபு மனிதர் கண்ணிற்கு எத்துணைப் பொருந்தும் என்னும் ஐயம் தொடக்கத்திலேயே அமைந்திருந்தது. 1971இல் வெயில், ஸ்காலா என்னும் இருவர் ஒரே பொருள்களைப் பல ஆய்வகங்கட்கு விடுத்துச் சோதிக்கச் செய்தனர். ஓர் ஆய்வகம் கடுமையானது என்றதனைப் பிறிதோர் ஆய்வகம் தீங்கற்றது என்றது. கண்ட துன்பம் உறுதி. கிடைத்த அறிவோ உறுதியற்றது என்பது அதனாற் புலனாயிற்று.

ஈண்டு ஒரு காலவொற்றுமை நோக்கத்தக்கது. நனிசைவத்திற்குப் பெயர் வந்ததும் டிரெய்சு சோதனை வெளிவந்ததும் 1944ஆம் ஆண்டே. ஒன்று இங்கிலாந்திலும் மற்றொன்று அமெரிக்காவிலும் நிகழ்ந்தன, ஒன்றனையொன்று அறியா. எனினும் பின்வந்த எண்பது ஆண்டு வரலாறு இவ்விரண்டும் தம்முள் எதிர்ப்பட்ட வரலாறே எனலாம்.

6. கைதிகளின் தோல்

விலங்குகளை விடுத்து மனிதர் மேலேயே சோதித்தல் தக்கதன்றோ என வினவலாம். தோல் மருத்துவத்தில் அத்தகைய முறை முன்னரே உண்டு. 1895இல் யோசெஃப் யாடசோன் என்னும் மருத்துவர் ஒட்டுச்சோதனையை அறிமுகப்படுத்தினார். ஐயத்திற்குரிய பொருளைச் சிறிதளவு தோலில் ஒட்டிவைத்து, ஒவ்வாமை எழுகின்றதா என்று நோயாளியின் நலம் கருதியே நோக்குவது அது. இன்றும் அம்முறையே வழக்கில் உள்ளது.

ஆயின் நலம் கருதாத மனிதச்சோதனையும் நிகழ்ந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் கைதிகளின் முதுகிலும் கையிலும் பல பொருள்களைச் சோதித்தார். ஷாம்பு, நாற்றம் நீக்கி, பூச்சுமருந்து முதலியவற்றோடு டையாக்சின் போன்ற கொடிய நஞ்சும் அவற்றுள் அடங்கும். கைதிகளுட் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சிறுதொகைக்காகத் தம் தோலைத் தந்தவர். என்ன இடப்படுகிறது என்பதைத் தெளிய அறியாதவர். அப்பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி 2021இலும், பிலடெல்பியா நகர ஆட்சி 2022இலும் இதற்கு மன்னிப்புக் கேட்டன. மனிதரின்மேற் சோதித்தது என்பதனால் மட்டும் ஒரு பொருள் ஊறுசெய்யாதது ஆகாது. உரிமையோடு இசைந்தாரா, இசையும் நிலையில் இருந்தாரா என்பதே அறத்தின் அளவுகோல் என்பதை இந்நிகழ்ச்சி காட்டும்.

7. எதிர்ப்பின் எழுச்சி

1959ஆம் ஆண்டு இருவகையிற் குறிப்பிடத்தக்கது. ரசல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் விலங்காய்வின் நெறி பற்றி எழுதிய நூல் அவ்வாண்டில் வெளிவந்தது. விலங்கிற்கு மாற்றுக் காணல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்னும் மூன்று கோட்பாடுகளை அந்நூல் வகுத்தது. அதே ஆண்டில் மியூரியல் டவுடிங் என்னும் பெருமாட்டி 'கொடுமையற்ற அழகு' என்னும் பொருள்படும் பெயரில் இங்கிலாந்தில் அறநிலையம் ஒன்றனைத் தோற்றுவித்தார். அப்பெயர் தாங்கிய இந்திய அமைப்பு 1974இற் புனேயில் எழுந்தது. முன்னது அறிவியலார் தமக்குள் வகுத்த நெறி. பின்னது வாங்குவோர் தமக்கென வகுத்த நெறி. இரண்டும் நெடுங்காலம் ஒன்றனையொன்று சாராது இயங்கின.

அவற்றை இணைத்தவர் நியூயார்க்கிற் பள்ளியாசிரியராய் இருந்த ஹென்றி ஸ்பைரா. 1980 ஏப்ரல் 15ஆம் நாள் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு முழுப்பக்க விளம்பரம் அவர் முயற்சியால் வெளிவந்தது. அழகின்பொருட்டு எத்தனை முயல்களின் கண்ணைப் போக்குகின்றீர் என ரெவ்லான் நிறுவனத்தை அது வினவிற்று. சோதனையை உடனே நிறுத்துக என்பதனினும், மாற்றுமுறை காண்பதற்குப் பொருள் தருக என்பதே ஸ்பைராவின் சிறப்புடைய கோரிக்கை. அவ்வாண்டு இறுதியில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஆய்விற்கு 750,000 டாலர் தர அந்நிறுவனம் இசைந்தது. ஒப்பனைத் தொழிலாளர் சங்கமன்று, ஒப்பனைத் தொழில் முதலாளிகளின் கழகமே தந்த பத்து இலட்சம் டாலர் துணையால் 1981இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாற்றுமுறை ஆய்வு நடுவம் ஒன்று தோன்றியது. 1989இல் ரெவ்லான், ஏவான் ஆகிய இருநிறுவனங்களும் விலங்குச் சோதனையைக் கைவிடுவதாக அறிவித்தன. வாங்குவோரின் வினா அறிவியலின் போக்கினையே மாற்றிற்று என்பதற்கு இது தக்க சான்றாகும்.

8. சட்டங்கள்

இங்கிலாந்தில் 1998இல் ஒப்பனைப் பொருட்கான விலங்குச் சோதனை முடிவுற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் ஆணை ஒன்றனைப் பிறப்பித்துப் படிப்படியாகத் தடைவிதித்தது. முடிவுற்ற பொருளின்மேற் சோதித்தல் 2004இலும், அதன் கூறுகளின்மேற் சோதித்தல் 2009 மார்ச் 11இலும் தடுக்கப்பெற்றன. விலங்கின்மேற் சோதித்த புதிய பொருள்களின் விற்பனை 2013 மார்ச் 11 முதல் முழுதும் தடையுற்றது. நறுமணப்பொருள்களுள் ஒவ்வாமை தரும் 26 கூறுகளை உறையிற் குறித்தல் வேண்டும் என்று விதித்ததும் அந்த 2003ஆம் ஆண்டு ஆணையே. விலங்கின் துன்பமும் மென்தோலின் துன்பமும் ஒரே சட்டத்தில் இடம்பெற்றமை வரலாற்றிற் சிறப்புடைய நிகழ்ச்சியாகும்.

இந்தியாவில் இதற்கு முன்னோடியாக நின்றவர் தமிழகத்திற்கு உரியவர். 1904இல் மதுரையிற் பிறந்து, கலாக்ஷேத்திரத்தை நிறுவிப் பரதக்கலையை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல், 1952இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்றார். விலங்குவதைத் தடுப்புக்கெனத் தனியுறுப்பினர் மசோதா ஒன்றனை அவர் அவையிற் கொணர்ந்தார். அரசே சட்டம் இயற்றும் என நேரு உறுதியளித்ததன் பேரில் அதனை மீட்டுக்கொண்டார். 1960இல் அச்சட்டம் நிறைவேறியது. 1962இல் விலங்குநல வாரியம் சென்னையில் அமைந்தது. ருக்மிணி தேவியே அதன் முதல் தலைவரானார். அவ்வாரியத்தின் தலைமையகம் 2018 வரை சென்னையில் இருந்தது. எனினும் 1960ஆம் ஆண்டுச் சட்டம் அறிவுவளர்ச்சிக்கான விலங்குச் சோதனையை விலக்கவில்லை. ஒப்பனைப்பொருட்கான சோதனை 2014 மே மாதத்தில் மருந்து, ஒப்பனைப்பொருள் விதிகளில் 148-சி என்னும் விதியினைச் சேர்த்ததனாலேயே தடையுற்றது. அவ்வாறு சோதித்த பொருள்களின் இறக்குமதியும் அதே ஆண்டு நவம்பர் 13 முதல் தடுக்கப்பெற்றது. ஆகவே இந்தியாவில் விற்கும் ஒப்பனைப்பொருள் ஒன்றன்மேல் 'விலங்கின்மேற் சோதிக்கப்பெறாதது' என எழுதுதல், பெரும்பாலும் சட்டத்திற்குக் கீழ்ப்படிந்தமையைச் சிறப்பெனக் கூறுதலேயாகும்.

சட்டம் முழுமையுற்றது எனக் கூறவும் இயலாது. ஒப்பனைக்கு மட்டும் பயன்படும் பொருளாயினும், அதனை ஆக்கும் தொழிலாளர் நலம் கருதி வேதிப்பொருட் சட்டத்தின்கீழ் விலங்குச் சோதனை கோரலாம் என 2023 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாங்குவோன் தோலிற்கு ஒரு சட்டமும் தொழிலாளி தோலிற்குப் பிறிதொரு சட்டமும் இயங்குதலின் விளைவு இது.

9. மாற்றுமுறைகளும் அவற்றின் ஐயங்களும்

அறுவை மருத்துவத்தில் எஞ்சிய மனிதத் தோலினின்று உயிரணுக்களை எடுத்து வளர்த்து, மேற்றோலை ஒத்த அடுக்கினை ஆய்வகத்தில் உருவாக்கும் முறை இன்று நிலைபெற்றுள்ளது. அவ்வடுக்கின்மேற் பொருளை இட்டு, உயிரணுக்களுள் எத்துணை எஞ்சுகின்றன எனச் சாயத்தின் உதவியால் அளவிடுவர். பாதியும் எஞ்சாதாயின் அப்பொருள் தோலை உறுத்துவது எனக் கொள்ளப்படும். பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு இதனை 439ஆம் வழிகாட்டியாக 2010இல் ஏற்றது. மனிதத் தோலிற்கு மனிதத் தோலே சான்றாதலின் முயலினும் இது பொருத்தமுடையது.

கண்ணிற்கு முதலில் வந்த மாற்றுக்களோ வேறு வகையின. 2009இல் ஏற்கப்பெற்ற 437, 438ஆம் வழிகாட்டிகள், கொல்லப்பட்ட மாட்டின் கண்படலத்தையும் கோழியின் கண்ணையும் பயன்படுத்துவன. உயிருள்ள விலங்கு ஈண்டுத் துன்புறவில்லை. எனினும் கொலைக்களத்தினின்றே கண் வருகிறது. உயிரணு வளர்ப்பு முறைகள் பலவற்றிற்குக் கன்றின் கருவினின்று எடுத்த குருதித்தெளியம் வேண்டப்படுதலும் உண்டு. மனித உயிரணுவாலான கண்படல அடுக்கு 2015இலேயே வழிகாட்டியில் இடம்பெற்றது. இன்னாசெய்யாமையும் புலான்மறுத்தலும் வேறுவேறு என மேலே கூறியது ஆய்வகத்துள்ளும் மெய்யாதல் காண்க.

10. மென்தோலின் நிலை

இத்துணை வரலாற்றிலும் மென்தோலினர் பெற்ற பயன் யாது என நோக்குவோம். பிறர்க்கு ஊறு தாராத பொருளும் சிலர்க்கு எரிவும் அரிப்பும் குறுகுறுப்பும் தருதலையே மென்தோலின் இலக்கணமாக 2017இல் அறிஞர் குழு ஒன்று வரையறுத்தது. இது பெரிதும் உணர்ச்சி பற்றியது. சிவப்பினை அளவிடலாம், எரிவினை, எரிகிறது எனச் சொல்லும் ஒருவர் இன்றி அறிதல் அரிது. முயல் அதனைச் சொல்லாது. வளர்ப்புத் தோலும் சொல்லாது.

மேலும், விலங்குப்பொருள் இன்மையும் தோற்பொருத்தமும் ஒன்றல்ல. அமெரிக்கத் தோல் ஒவ்வாமைக் கழகம் ஆண்டுதோறும் ஓர் ஒவ்வாப்பொருளைச் சுட்டி எச்சரிக்கும். 2023இல் அது சுட்டியது லனோலின். அது விலங்கின் பொருள். 2013இல் சுட்டியது மெத்தில்ஐசோதயசோலினோன்; அது ஆய்வகத்திற் பிறந்த பதப்பொருள், விலங்குக்கூறு சிறிதும் இல்லாதது. 2006இற் சுட்டியது, 1933இற் பெண்களின் கண்ணைப் போக்கிய அதே பாராபினைலின்டயமின். அது தலைமயிர்ச் சாயங்களில் இன்றும் உள்ளது. எலுமிச்சை, லவண்டர் முதலியவற்றின் நறுநெய்களிலும் ஒவ்வாமைக் கூறுகள் உள. செடியினின்று வந்தது என்பது செடியினின்று வந்தது என்பதை மட்டுமே கூறும்.

11. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு: பொருளில் விலங்குக்கூறு உளதா, சோதனையில் உயிர் துன்புற்றதா, தோலிற்கு அது ஏற்றதா என்னும் மூன்றும் தனித்தனி வினாக்கள். முதலாவதனை 1944இல் நனிசைவத்தார் எழுப்பினர். இரண்டாவதனை 1980இல் வாங்குவோர் எழுப்பினர். மூன்றாவதே 1933இல் கண்ணிழந்த பெண்கள் எழுப்பியது. காலத்தால் மூத்த அவ்வினாவிற்கு விடைகாணப் புகுந்தே முயலும் கைதியும் துன்புற்றனர். ஆதலின் அப்பெண்களை மறந்து முயலுக்கு இரங்குதலும், முயலை மறந்து அப்பெண்களுக்கு இரங்குதலும் குறையுடையனவே.

தமிழில் உறைக்குறிப்பு எழுதுவோர் 'இயற்கையானது' என்னும் ஒரு சொல்லால் மூன்றனையும் மூடிவிடுதல் பொருந்தாது. 'விலங்குப்பொருள் இன்மை', 'விலங்குச் சோதனை இன்மை', 'தோற்பொருத்தம்' என மூன்றனையும் தனித்தனியே குறித்தல் வேண்டும். எது மெய்யோ அதனை மட்டும் குறித்தல் அதனினும் வேண்டும். மூன்று அறங்களுக்கு மூன்று அதிகாரம் வகுத்த மொழிக்கு இது அரிய செயலன்று.